எட்டுக் கார்டுகளைக் காணவில்லை

அரசுச் சேவைகளை இணையவழி தரும் மலைவட்டார மின்சேவைக் கழகத்தின் ஜமுனாமரத்தூர் நிலையத்தில் மஞ்சள் பெயிண்டால் எண் எழுதப்படாத பொருள் எதுவும் கிடையாது. நாற்காலிக்கு ஓர் எண், மேசைக்கு ஓர் எண், மின்விசிறியின் மூன்று இறக்கைகளுக்கும் தனித்தனியாக மூன்று எண்கள். விளக்குமாற்றின் பிடியில் எழுதிய எண் அழிந்துபோனதால், மறு உத்தரவு வரும்வரை அதைக் கொண்டு பெருக்கக் கூடாது என்று நான்கு மாதமாக ஓர் ஆணை அமலில் இருந்தது. நிலையமும் அதற்கேற்ற கோலத்தில் இருந்தது. வாசலில் நின்ற நாவல் மரத்துக்குக்கூட எண் உண்டு. மரம் பருக்கப் பருக்க எண்ணும் அகலமாகிக்கொண்டே போனதை, கண்காணிப்பாளர் அருணகிரி ஒருவித ஒழுங்கீனமாகவே கருதிவந்தார்.

எண் இல்லாமல் அங்கே நடமாடிய ஒரே ஜீவன் புஷ்ரா.

வாணியம்பாடிப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். ஏதோ ஓர் ஒப்பந்த நிறுவனம் அவளை இரண்டு வருடத்துக்கு முன்பு மலைக்கு அனுப்பிவைத்துவிட்டு, அனுப்பியதையே மறந்துவிட்டது. நிலையத்தின் உள்ளறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குளிர்ந்த காற்றில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. லினக்ஸில் ஓடுவது. அந்த ஒரு பெட்டிக்குள் ஒன்பது மெய்நிகர் சர்வர்கள் குடியிருந்தன. அதாவது, தனியாக உடம்பு இல்லாத ஒன்பது கம்ப்யூட்டர்கள். உடம்பு இருப்பவற்றைப் போலவே வேலை செய்பவை. ரேஷனுக்கு ஒன்று, பிறப்பு இறப்புக்கு ஒன்று, புளி, தேன் கொள்முதலுக்கு ஒன்று, சாதிச் சான்றிதழுக்கு ஒன்று, இப்படி. ஒவ்வொரு சர்வரும் வெளியுலகத்தோடு பேச ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும். அந்தக் கார்டுகளுக்கும் உடம்பு கிடையாது. ஒரு வரி தட்டினால் பிறக்கும், இன்னொரு வரி தட்டினால் தூங்கும். அவை தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் புஷ்ராவின் உத்தியோகம்.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து, பொண்ணு இன்னா வேல பாக்குதுன்னு கேட்டா நான் இன்னாடி சொல்றது?" என்று அவள் அம்மா கௌசர் வாரம் தவறாமல் போனில் கேட்பாள்.

"இல்லாத கம்ப்யூட்டருக்கு இல்லாத கார்டு மாட்டுறான்னு சொல்லு, அம்மி."

"யா அல்லா. நீயாவது அங்க இருக்கியாடி?"

அந்தக் கேள்வியை அப்போது புஷ்ரா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, வருடாந்திர இருப்புச் சரிபார்ப்புக்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து ராஜ்குமார் வந்து இறங்கினார். ஒரு கையில் டார்ச், மறு கையில் தலையணைப் பருமனுள்ள இருப்புப் பதிவேடு. கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், பிறகே பேனாவால் டிக் போட வேண்டும் என்பது கழகத்தின் விதி. ராஜ்குமார் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ஸ்டூல் மீது ஏறி மூன்று இறக்கைகளையும் தொட்டார். நாவல் மரத்தைத் தொட்டார். விளக்குமாற்றைத் தொடவில்லை. பிறகு உள்ளறைக்கு வந்து, "நெட்வொர்க் கார்டு, பன்னிரண்டு" என்று உரக்கப் படித்தார்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புஷ்ராவுக்குத் தெரியும். முன்பிருந்த கண்காணிப்பாளர், பெட்டியில் எத்தனை கார்டு இருக்கிறது என்று கேட்டு ஒரு பட்டியல் வாங்கி, திரையில் வந்ததை அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் பணி ஓய்வு பெற்றிருந்தார். கழகத்தின் பதிவேட்டில் ஏறியது எதுவும் இதுவரை இறங்கியதில்லை.

நிஜமான கார்டுகள் இரண்டு. ராஜ்குமார் அவற்றைத் தொட்டு, டிக் போட்டார்.

"அடுத்தது, லோ."

"அது தனக்குத் தானே பேசிக்கிற கார்டு சார். வெளிய யார்கூடவும் பேசாது."

"ஆலோசனைக் குழு மாதிரி சார்" என்று அருணகிரி உதவிக்கு வந்தார். "நம்ம நிலையத்துல ஏற்கெனவே ரெண்டு இருக்குது."

ராஜ்குமார் திருப்தியோடு டிக் போட்டார். "அடுத்தது, வி-நெட் பூஜ்யம்." டார்ச் அடித்துப் பெட்டியைச் சுற்றிவந்தார். எதுவும் தென்படவில்லை. சிறிது நேரம் யோசித்தார். "பூஜ்யம்னு எழுதியிருக்கு. பூஜ்யம்தான் இருக்கு. சரியா இருக்கு" என்று டிக் போட்டார். "வி-நெட் ஒண்ணு?"

"அதுவும் அதே மாதிரிதாங்க சார். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. பூஜ்யம் இல்லன்னா நியாயம். ஒண்ணு இல்லன்னா திருட்டு."

புஷ்ரா விளக்கிப் பார்த்தாள். "சார், நெல்லிவாசல்ல இருந்து ஷேர் ஜீப் வருது. ரோடு ஒண்ணு, ஜீப்பு ஒண்ணு. ஆனா அதுல பதினஞ்சு பேர் தனித்தனியா அவங்கவங்க வேலைக்கு வர்றாங்க. ஆளுக்கொரு டிக்கெட்டுன்னு வெச்சிக்கோங்க. அந்த டிக்கெட்டு மாதிரிதான் சார் இந்தக் கார்டு."

"ஷேர் ஜீப்புல ஏதும்மா டிக்கெட்டு?"

"அதான் சார்! டிக்கெட்டு கண்ணுல படலன்னாலும் ஆள் வந்து சேர்றாங்க இல்ல?"

ராஜ்குமார் குறிப்பேட்டை எடுத்து, 'மலைப்பகுதியில் டிக்கெட் இல்லாப் பயணம்: சம்பந்தப்பட்ட துறைக்கு எழுதுக' என்று குறித்துக்கொண்டார்.

பிறகு பதிவேட்டில் இல்லாமல் இடத்தில் மட்டும் இருப்பவற்றைத் தேடினார். அதுவும் விதி. "நாற்காலி நாற்பத்தொண்ணுல உக்காந்திருக்கிறது என்ன?"

"நான்தான் சார், புஷ்ரா. சிஸ்டம் ஆபரேட்டர்."

ஊழியர் பட்டியலைப் புரட்டினார். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் அதில் பெயர் இல்லை. பொருள் பட்டியலைப் புரட்டினார். அதிலும் இல்லை. அன்று மாலை நிலையத்துக்குக் கிடைத்த அறிக்கையில் இரண்டு வரிகள் சிவப்பு மையில் இருந்தன.

'குறைவு: நெட்வொர்க் கார்டு, எட்டு. கூடுதல்: பெண், ஒன்று.'

அதோடு முடிந்திருந்தால் புஷ்ரா சிரித்துவிட்டுத் தான் தங்கியிருந்த அறைக்குப் போயிருப்பாள். ஆனால், காணாமல் போன பொருளை விசாரணை முடியும்வரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டு, அதையே பயன்படுத்தினா நாளைக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார் ராஜ்குமார். அவர் பக்கத்தில் நின்று பார்க்க, புஷ்ரா எட்டு வரிகளைத் தட்டினாள். எட்டுக் கார்டுகளும் ஒவ்வொன்றாகத் தூங்கின. திரையில் எட்டு முறை 'டவுன்' என்று வந்ததும் அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "இப்பதாம்மா தொலைஞ்சு போனதுக்கு ஓர் அடையாளம் இருக்குது."

பெட்டிக்குள் சர்வர்கள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. யாரும் வந்து கேட்க முடியாத கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, வெளியே சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருந்தன. பூஜ்யம் மட்டும் விழித்திருந்தது. அது கழகத்தின் சுற்றறிக்கைகளை அனுப்பும் சர்வருடையது. ஆகவே மலை முழுவதும் எந்தச் சேவையும் இல்லாதபோதும், சேவை சிறப்பாக நடைபெறுவது பற்றிய சுற்றறிக்கைகள் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை மங்கம்மாள் வந்தாள். நெல்லிவாசல்நாட்டில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவள். மகள் சசிகலாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழைக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

"யம்மா, திங்கக்கிழம வான்ன. நேத்து ஜீப்பே வர்ல. இன்னிக்குப் பாதி வழி நடந்தே வர்றேன்" என்றாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி.

"சர்டிபிகேட் ரெடிக்கா. கையெழுத்தே ஆய்டுச்சு. உள்ளதான் இருக்குது."

"உள்ளன்னா?"

"அந்தப் பொட்டிக்குள்ள. ஆறாம் நம்பர் சர்வர்ல."

மங்கம்மாள் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். பெட்டியில் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. "கைய வுட்டு எடுக்க முடியாதா?"

"வெளிய வர்ற வழிய மூடச் சொல்லிட்டாங்கக்கா."

"மறுபடியும் தொறக்க எத்தினி நாளாவும்?"

புஷ்ரா உண்மையைச் சொன்னாள். "ஒரு செகண்டு."

மங்கம்மாள் அவளைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வைதான். அதனாலேயே புஷ்ராவால் நிமிர முடியவில்லை. "காணாமப் போன கார்ட நானே எழுப்பினா, நான்தான் எடுத்து வெச்சிருந்தேன்னு ஆய்டும்கா. ரூமையே சீல் வெச்சிடுவாங்க. அப்புறம் உங்க சர்டிபிகேட்டும் உள்ளயே கெடக்கும்."

"எங்க ஊர்ல ஆடு காணாமப் போனா தேடுவோம். காணாமப் போச்சுன்னு எழுதி வெச்சிட்டு, பட்டியில நிக்கிற ஆட்டப் பால் கறக்காதன்னு சொல்ல மாட்டோம்" என்றாள் மங்கம்மாள். பிறகு நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தாள். ராத்திரிக்குப் புஷ்ராவின் அறையில் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விசாரணைக் கூட்டம். அருணகிரி அதற்கென்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து பேசினார்.

"இந்த நிலையம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் இங்கே ஒரு பொருள்கூடத் தேயவில்லை, உடையவில்லை, பழுதாகவில்லை. காரணம், எதையும் நாம் தேவையில்லாமல் பயன்படுத்தியதில்லை. பொதுமக்கள் வருகிறார்கள். வரட்டும். இன்று வருவார்கள், நாளை போவார்கள். பதிவேடு நிலைத்து நிற்கும். பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருக்கும்போது, உலகத்தில் நான்குதான் இருக்கிறதென்றால், தவறு உலகத்தின் மீதுதான் என்பதை இந்த நேரத்தில் பணிவுடன் பதிவு செய்ய விரும்புகிறேன்."

ராஜ்குமார் கைதட்டினார். சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த மங்கம்மாளும், பேச்சு முடிந்தால் வேலை தொடங்கும் என்ற நம்பிக்கையில் கைதட்டினாள்.

பேச்சு முடிந்து அருணகிரி காவல் நிலையத்துக்குப் போனார். காணாமல் போன பொருளின் நிறம் என்ன, எடை என்ன, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுத்தர் கேட்டார். பார்த்ததே இல்லை என்றார் அருணகிரி. பார்க்காத பொருள் தொலைந்தது எப்படித் தெரியும் என்றார் எழுத்தர். பதிவேட்டைப் பார்த்து என்றார் அருணகிரி. எழுத்தர் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்குவமாகப் பேசித் திருப்பி அனுப்பிவைத்தார்.

அன்று பிற்பகல் புஷ்ரா விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ராஜ்குமாரிடம் போனாள். "சார், கையால தொடணும்னு இருக்குதே, எதைத் தொடணும்?"

"'எண் எழுதப்பட்டதைத் தொட்டு உறுதி செய்க.' விதி பதினேழு."

"எண் எது மேல எழுதியிருக்கணும்னு இருக்குதா சார்?"

ராஜ்குமார் விதி பதினேழை மூன்று முறை படித்தார். "இல்லையேம்மா."

"அப்ப எண்ணைத் தொட்டாப் போதுமா?"

பெரிய உண்மை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டவரைப் போல அவர் புத்தகத்தைப் பார்த்தார். "எண்ணைத் தொட்டாப் போதும்" என்றார் மெதுவாக.

புஷ்ரா வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மி, ஃபுர்கான் மாமுகிட்டச் சொல்லி, சாவிக்கொத்துக்குப் போடற மாதிரி தோல் பட்டை எட்டு வெட்டிக் குடுக்கச் சொல்லு. பஸ்ல குடுத்து அனுப்பு."

"இன்னாத்துக்கு? யாருக்குக் கல்யாணம்?"

"கம்ப்யூட்டருக்கு மாட்டணும்."

"கம்ப்யூட்டருக்குத் தாயத்தாடி?"

"அப்டியே வெச்சிக்கோ."

வியாழக்கிழமை மதியம், ஆலங்காயம் வழியாக வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பழுப்பு நிறத்தில், ஓரம் மடித்துத் தைத்து, வளையம் கோத்த எட்டுத் தோல் பட்டைகள். மருமகளின் ஆபீசுக்கு என்று மாமு கொஞ்சம் கூடுதலாகவே மெருகேற்றியிருந்தார். கழகத்தில் எண் எழுதும் உரிமை கண்காணிப்பாளருக்கு மட்டும்தான். அருணகிரி தூரிகையை எடுத்து ஒன்று முதல் எட்டு வரை எழுதினார். ஆறாவதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரிஜினலாம்மா?"

"ஆட்டுத் தோல் சார். மாமு கடையில தச்சது."

"நல்லா கீது" என்றார் அருணகிரி. பெயிண்ட் காய்வதற்காக எட்டையும் சன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, வந்த கையோடு சன்னலிலிருந்து பட்டைகளைத் தானே அள்ளி மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டு, ராஜ்குமார் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பட்டையாக வெளியே எடுத்து, எண்ணைத் தொட்டு, டிக் போட்டு, கண்டெடுக்கப்பட்டதற்கு ஒரு சான்றும் மீண்டும் பயன்படுத்த ஓர் ஆணையும் எழுதி, மூன்று இடத்தில் கையெழுத்திட்டார். பிறகு புஷ்ரா அந்தப் பட்டையைப் பெட்டியில் கட்டிவிட்டு ஒரு வரி தட்டுவாள். அந்தக் கார்டு விழிக்கும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

"சார், ஆறை மட்டும் முன்னாடி பாத்துடலாமா? வெளிய ஒருத்தங்க நாலு நாளா உக்காந்திருக்காங்க."

"ஆறுக்கு முன்னாடி அஞ்சு இருக்கேம்மா" என்றார் ராஜ்குமார், குழந்தைக்குச் சொல்வது போல. நடுவில் சாப்பாட்டுக்கும் போய்வந்தார்.

ஆறாம் எண்ணுக்கு வந்தபோது மணி மூன்றரை. டிராயரில் மிச்சமிருந்தவை ஏழும் எட்டும் மட்டுமே. ஆறு இல்லை.

சன்னலுக்கு அடியில் தேடினார்கள். மேசைக்கு அடியில் தேடினார்கள். அந்த நிலையத்தில் அதுவரை எதுவும் திருடு போனதில்லை. திருடத் தக்கதாக எதுவும் இருந்ததில்லை என்பது காரணமாக இருக்கலாம். அருணகிரி எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினார்.

புஷ்ரா தேடிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். நாவல் மரத்தடியில் மங்கம்மாள் மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அருணகிரியின் ஸ்கூட்டர் நின்றது. அவர் சாவியை எப்போதும் வண்டியிலேயே விட்டுவிடுவார். சாவியிலிருந்து பழுப்பு நிறத்தில், ஓரம் மடித்துத் தைத்த, மெருகேற்றிய தோல் பட்டை ஒன்று தொங்கியது. அதில் மஞ்சளாக ஆறு.

"இன்னாம்மா, கெடச்சிதா?" என்றாள் மங்கம்மாள்.

புஷ்ரா சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லலாம். உள்ளே போய், சார், உங்க வண்டியில இருக்குது என்று ஒரு வார்த்தை. அப்புறம் அது நிஜமான திருட்டு. நிஜமான திருட்டுக்கு நிஜமான விசாரணை. அறைக்கு சீல். ஐந்து மணிக்கு மங்கம்மாள் இதே மரத்தடியில் இதே பையோடு உட்கார்ந்திருப்பாள்.

அவள் உள்ளே போனாள்.

"சார், உங்க அறிக்கையில கூடுதல்னு ஒண்ணு இருந்துச்சே?"

"ஆமா. நீதான்."

"இப்ப குறைவும் ஒண்ணுதான் சார்."

பெண் பார்க்கப் போன இடத்தில், காபி வருவதற்கு முன்பே மனதைப் பறிகொடுத்துவிட்ட மாப்பிள்ளையைப் போல ராஜ்குமாரின் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது. "ஈடு கட்ட விதி இருக்கும்மா. ஆனா ரெண்டும் ஒரே வகைப் பொருளா இருக்கணும்."

"அந்தக் கார்டு இன்னா சார் பண்ணுது? சர்வர் சொல்றத வெளிய இருக்கிறவங்ககிட்டச் சொல்லும். வெளிய இருக்கிறவங்க கேக்கறத உள்ள போய்ச் சொல்லும். ரெண்டு வருஷமா நானும் அதத்தான் சார் பண்றேன். ரெண்டு பேருமே பட்டியல்ல ஒழுங்கா இல்ல."

ராஜ்குமார் அருணகிரியைப் பார்த்தார். தேடுதல் இத்தோடு நின்றால் தேவலை என்று அருணகிரிக்கு இருந்தது. "தாராளமா ஒரே வகைதான் சார்" என்று சொல்லிவிட்டு, அவரே ஓடிப்போய்ப் பெயிண்டை எடுத்துவந்தார்.

புஷ்ரா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதில் அவள் போட்டோவுக்குக் கீழே பெரிதாக ஆறு என்று எழுதினார்கள். ராஜ்குமார் எண்ணைத் தொட்டார். ஈரம் விரலில் ஒட்டியது. டிக் போட்டார், சான்று எழுதினார், ஆணை எழுதினார், மூன்று கையெழுத்துப் போட்டார். மணி நாலு நாற்பது.

புஷ்ரா ஒரு வரி தட்டினாள். ஆறு விழித்தது.

நாலு நாற்பத்தாறுக்குச் சான்றிதழ் அச்சாகி வந்தது. முறைப்படி அதைச் சரிபார்த்த ராஜ்குமாரின் விரலிலிருந்து அதன் மூலையில் மஞ்சளாக ஒரு தடம் விழுந்தது. மாற்றி எடுக்க நேரமில்லை; புஷ்ரா அப்படியே ஸ்கேன் செய்தாள். நாலு ஐம்பத்தொன்பதுக்குக் கல்லூரித் தளத்தில் ஏறிவிட்டது. 'முத்திரை தெளிவாக உள்ளது, ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. மங்கம்மாள் இரண்டு கைகளாலும் புஷ்ராவின் கன்னங்களைத் தடவி, தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அந்தக் கழுத்து அட்டையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசி ஜீப்பைப் பிடிக்க ஓடினாள்.

சரிபார்ப்பு அறிக்கையில் குறைவு இல்லை, கூடுதல் இல்லை. நிலையத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதோடு புஷ்ராவுக்கும் சில நடைமுறைகள் வந்தன. கழகப் பொருளை வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவை என்பதால், சனிக்கிழமைகளில் அவள் வாணியம்பாடிக்குப் போகும்போது 'பழுது நீக்கத்துக்காக' என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்தால், 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று அருணகிரி கையெழுத்திடுவார்.

"நம்பரு போட்டுட்டாங்களா?" என்று கௌசர் பூரித்துப்போனாள். "அப்ப பர்மனென்ட் ஆய்டுச்சின்னு மாப்பிள்ள வூட்டுல சொல்லிடட்டுமா?"

அடுத்த வருடம் ராஜ்குமார் மறுபடியும் டார்ச்சோடு வந்தார். புஷ்ராவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் சசிகலாவின் போட்டோ இருந்தது. அதற்கு எண் இல்லாததை அவர் நல்லவேளையாகக் கவனிக்கவில்லை. பூஜ்யத்துக்கு எதுவும் தேடாமல் டிக் போட்டார். ஒன்று முதல் ஐந்து வரை தோல் பட்டைகளைத் தொட்டார். வெளியே அருணகிரி டீ வாங்கிவர ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. சாவியில் ஆறாம் எண், பெயிண்ட் கொஞ்சமும் உரியாமல், ஆடிக்கொண்டே கடைத்தெருப் பக்கம் போனது.

ராஜ்குமார் பதிவேட்டில் விரலை வைத்து, தலை நிமிராமல் கூப்பிட்டார்.

"வி-நெட் ஆறு?"

புஷ்ரா கழுத்து அட்டையை நீட்டினாள்.

"இருக்கேன் சார்."